மன்னாரில் மூன்று இடத்தில் நின்றேன்

அதிகாலை 3.45க்கு வவுனியாவில் வான் புறப்பட்டது. எங்கள் ஓட்டக் கழகத்தில் பதினான்கு பேர், மன்னார்க் கழகத்தாரின் பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் போகிறோம். எங்களிடம் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. வெளியூர் போனால், எங்களுக்குள் கடைசியாக வருகிறவர்தான் மத்தியானச் சாப்பாட்டில் நன்றியுரை சொல்ல வேண்டும். தொடர்ந்து நாலு தரம் அந்தப் பாவி நான்தான். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு ஊரிலும் அதே ஐந்து வசனத்தைச் சொல்லி மானம் போனதுதான் மிச்சம்.

இந்த முறை என் ஒரே நம்பிக்கை பொன்னுத்துரை அண்ணை. அறுபத்துநாலு வயது, ஓய்வுபெற்ற தபாலதிபர், வலது முழங்காலில் பட்டி. வழியில் தேத்தண்ணிக் கடையில் ஐம்பது ரூபாப் பிளேன்டீ குடிக்கும்போது, முழங்கால் எப்படி என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தேன். நல்ல சுகம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

6.45. தேவாலயத்தில் முதல் பூசை முடிந்து சனம் வந்த பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. பட்டினத்திலிருந்து பாலம் தாண்டித் தள்ளாடிச் சந்தி வரை போய், திரும்பி வந்து பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் முடிவு. கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியில் சோளகக் காற்று பக்கத்தால் அடித்து என் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்தது. ஆனாலும் திரும்பும்போது அண்ணை எனக்கு இருநூறு மீற்றர் பின்னால். சந்தோசத்தில் வீதியில் நின்ற கழுதைக்கும் கை காட்டினேன்.

அப்போதுதான் முன்னால் ஓடிய மன்னார்க்காரி சிசிலியா அக்கா, வீதியோரக் கண்ணாடிக் கூட்டுக்குள் சிலையாய் நின்ற அந்தோனியாரின் சுருவத்தடியில் நின்றார். மீன் வியாபாரி, நல்ல ஓட்டக்காரி. கூட்டைத் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அப்படியே. முன்பொரு ஓட்டத்தில் தொட வேண்டிய கம்பத்தைத் தொடாமல் வந்து பெயர் வெட்டுப்பட்டவன் நான். இதுவும் அப்படி ஓர் இடம் என்று நினைத்து, நின்று, தொட்டு, தெரிந்த மட்டில் சிலுவையும் போட்டேன். பள்ளிமுனை வீதியில் இன்னும் இரண்டு சுருவங்கள். இரண்டிலும் நின்றேன். மூன்றாவதில் பொன்னுத்துரை அண்ணை நிற்காமல் என்னைக் கடந்து போனார்.

இனி அண்ணையின் பெயர்தான் வெட்டுப்படும் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முடிவில் நேரே நடுவரிடம் போய், அண்ணை மூன்று இடத்திலும் தொடவில்லை என்று முறையிட்டேன்.

"அங்கை தொடவேணுமெண்டு ஆர் சொன்னது?" என்றார் அவர்.

12.30. தேவாலயப் பங்கு மண்டபத்தில் சோறும் பாரைமீன் குழம்பும். வவுனியாச் சைவசமயக்காரர் ஒருவர் மூன்று சுருவத்திலும் கும்பிட்டு ஓடினாராம் என்ற கதை எனக்கு முன்னமே வந்துவிட்டது. நன்றியுரைக்கு எழும்பினால் முழு மண்டபமும் கைதட்டுகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து வசனத்தையும் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன்: பக்தி இல்லை, பயம்; அதோடு பொன்னுத்துரை அண்ணைமேல் கோள் சொல்லவும் போனேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். முதல் தரம் என் நாக்கு ஒட்டவில்லை.

சிசிலியா அக்கா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டு வைத்துவிட்டு, காதுக்குள் மெல்லச் சொன்னார்: "நானும் மூச்சு வாங்கத்தான் நிக்கிறனான். அந்தோனியார் கோவிக்கமாட்டார்."

மாலை 3.00. வான் தாம்போதியில் ஏறியது. வவுனியாவில் நாங்கள் ஓடும் பாதையில் நாலு பிள்ளையார் இருக்கிறார்கள். இத்தனை வருசத்தில் நான் ஒருவரிடமும் நின்றதில்லை. வருகிற ஞாயிறு நாலிலும் நிற்கப் போகிறேன் என்றேன்.

பொன்னுத்துரை அண்ணை பட்டியைக் கழற்றினார். நல்ல சுகம் என்ற முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"நானும் நிக்கிறன் தம்பி," என்றார். "ஆனா நீர் முதல் நில்லும்."