குருசுக்குப்பத்துக்கு நாற்பது நிமிடம்

ஒரு அலுவலகத்தில் எந்தெந்த வேலையை மனிதரிடமிருந்து பிடுங்கி கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கையில் கடிகாரத்தோடு அடுத்தவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப்பார்ப்பேன். யாருக்கும் என்னைப் பிடிக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த அந்த அலுவலகம், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கும் முதியவர்களுக்குக் காகிதம் தயார்செய்து அனுப்பும் இடம். பெரும்பாலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள், அவர்களுடைய விதவைகள். உயிரோடு இருப்பதாக வருடந்தோறும் சான்றிதழ் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அத்தனையையும் ஐம்பதைக் கடந்த ஒரு அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் ஸ்கூட்டி சாவியை எடுத்தார்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"குருசுக்குப்பம் வரைக்கும் போறேன். பென்ஷன் வாங்கற பெரியவரு, ஒரு முசியே, சான்றிதழுக்கு இன்னும் வரல. தனியா இருக்கறவரு."

"ஒரு போன் போட்டா போதாதா?"

"போன்ல வரேன்னுதான் சொல்வாங்க. நேர்ல பாத்தாதான் தம்பி தெரியும், எழுந்து நடமாடறாரா இல்லையான்னு."

போய்த் திரும்ப நாற்பது நிமிடம். அதை 'வீண் நேரம்' என்ற கட்டத்தில் எழுதினேன். எதிரே, 'தானாகப் போகும் மெசேஜ்' என்று தீர்வும் எழுதினேன். அறிக்கையைப் பார்த்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். அடுத்த மாதமே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுவருடம் முதலாளி போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. அந்த முசியே வீட்டுக்குள் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்து இறந்துபோயிருக்கிறார். கதவை உடைத்தது நாலாம் நாள்தான்.

"நம்ம மேல தப்பு வராதுல்ல சார்? மெசேஜெல்லாம் கரெக்டா போயிருக்கு, நீங்களே பாருங்க."

பார்த்தேன். நாலு நாளும் காலை பத்து மணிக்கு ஒவ்வொன்று. 'உங்கள் சான்றிதழ் இன்னும் வரவில்லை.' எல்லாவற்றுக்கும் பக்கத்தில், போய்ச் சேர்ந்துவிட்டது என்று பச்சைக் குறி. முதல் இரண்டு நாள் அவர் உயிரோடுதான் இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியென்றால் இரண்டு முறை அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். இப்போதும் காலை பத்து மணிக்கு என் போன் சத்தம் போட்டால் எடுக்கக் கை வருவதில்லை. பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அக்காவைத் தேடிப்போனேன். செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"வேலைய விட்டு நிறுத்திட்ட அப்புறம் எந்த மொகத்த வச்சிக்கினு போய்க் கதவத் தட்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. என் தப்புதான் தம்பி. அன்னிக்கே நீங்க கேட்டப்ப, எதுக்குப் போறேன்னு வெவரமா சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்க."

அவர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லாமலே காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.