அ. சவரிமுத்து என்னும் மற்றவர்

கோயில் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் என் பெயரைக் கண்டேன். அலவத்துகொடைக்குப் பாக்கு மூட்டை ஏற்றப் போய், மூன்று நாள் கழித்துத் திரும்பிய காலை அது. எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு எங்கே எழுத்தைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி வாசிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கடைப் பலகை, தீப்பெட்டி, பஸ்ஸின் நெற்றி, எதையும் விடுவதில்லை. அன்றும் இறங்கிப் போய் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். முன்னால் ஒரு 'அ', ஒரு புள்ளி. பிறகு சவரிமுத்து. "அட, என் பேரு!" என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ரொட்டிக் கடை மரியம்மா பக்கத்தில் வந்து, "மேல இருக்கிறத வாசிச்சீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வாசித்தேன். 'மரித்தவர்' என்று எழுதியிருந்தது.

அடக்கம் முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. ஒரு நல்ல மனிதரின் சாவுச் செய்தியைச் சிரித்துக்கொண்டே வாசித்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். அவருக்கு நான் செய்ததில் இது சின்னது. பெரியதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். கை வேகமாக ஓடாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தையற்காரர் சவரிமுத்து. நான் வண்டிக்காரன் சவரிமுத்து. அவருடைய தகப்பனாரும் அந்தோனி, என்னுடைய தகப்பனாரும் அந்தோனி. இரண்டு குடும்பமும் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தவை. உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் சிறிய கோயில் புனித சவேரியாருடையது, அதைச் சுற்றிப் பிறந்த எல்லாவற்றுக்கும், எங்கள் இருவருக்கும்கூட, அவர் பெயர்தான். பின்னால் உள்ள சந்து சவேரியார் சந்து. மூலையில் சவேரியார் ரொட்டிக் கடை. கண்டிக்கு ஓடும் ஒரு பஸ்ஸுக்கும் அதே பெயர். "சவேரியார் இன்னும் வரலியா?" என்று ஒருவர் கேட்டால், "மஹியாவையில டயர் வெடிச்சு உக்காந்துட்டாரு" என்று மற்றவர் சொல்வார். அதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் 'பேருக்காரரே' என்று அழைத்துக்கொண்டோம். ஒருமுறை எனக்கு வர வேண்டிய வைக்கோலை எவனோ அவர் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நான் வண்டியோடு போனபோது அவர் காலால் மெஷினை ஓட்டிக்கொண்டே, "வாங்க பேருக்காரரே. என் மெஷினு ரெண்டு வாய் தின்னு பாத்துச்சு, பிடிக்கலயாம்" என்றார். பிறகு எழுந்து வந்து, தானே பாதி வைக்கோலைத் தூக்கி ஏற்றினார். சட்டையெல்லாம் தூசி. அப்படிப்பட்டவர்.

எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லப்பட்ட முதல் தேர்தல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மைப் போல் இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள், இந்த ஊர்தான் எங்கள் ஊர் என்று காட்டினால்தான் ஓட்டுப் பட்டியலில் பெயர் ஏறும் என்றார்கள். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கடையை மூடிவிட்டுப் பெயர் பதியக் கண்டி அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தார். ஒருநாள் ஐயா இல்லை என்றார்கள். இன்னொரு நாள் காகிதம் போதாது என்றார்கள். தோட்டத்துக்குப் போய்ப் பிறந்த சாட்சி வாங்கி வந்தார். பாலத்தில் என் வண்டியைக் கண்டு ஏறிக்கொண்ட ஒரு நாள் நான் கேலி செய்தேன்.

"ஓட்டுப் போட்டா மாடு கொஞ்சமா திங்குமா, பேருக்காரரே?"

"மாட்டக் கேளுங்க" என்றார். பிறகு கையிலிருந்த காகிதங்களை மடித்துக்கொண்டே சொன்னார். "இந்த நாடு எங்கிட்ட ஒரு கேள்வி கேக்குது. என்னைய இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. பதில் சொல்லாமச் சாகக் கூடாது."

பெயர் ஏறிவிட்டது. ஊருக்கெல்லாம் கோட்டுத் தைத்தவர், முதல் தடவையாகத் தனக்கு ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், ஒரு பெட்டி. எங்கள் பக்கம் பச்சை ஒருவர், சிவப்பு ஒருவர். தையற்காரர் பச்சை. மறைக்கவே மாட்டார். கடைக்கு வந்தவர்களுக்கு இடுப்பை அளந்துகொண்டே பச்சைக்காரருடைய நியாயத்தைச் சொல்வார்.

தேர்தலன்று காலையில் சிவப்புக்காரர்களின் வாடகைக் கார் எங்கள் சந்துக்கு வந்தது. கையில் அச்சடித்த பட்டியலோடு ஒருவர் இறங்கி, "அந்தோனி சவரிமுத்து!" என்று கூப்பிட்டார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "இருக்கேன்" என்றேன். அவர் விரலால் ஒரு வரியைக் காட்டினார். "பாருங்க, இதுதான் உங்க பேரு." இங்கிலீசு எழுத்து. எனக்கு அப்போது எந்த எழுத்தும் தெரியாது. ஆனாலும் என் பெயர் அச்சில் கறுப்பாக, நேராக, எவ்வளவு அழகாக இருந்தது! தொட்டுப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் அதுவரை காரில் ஏறியதில்லை.

தெரியாமல் செய்தேன் என்று எழுத மனம் இழுக்கிறது. எழுதினால் பொய். நான் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை, எந்தக் காகிதமும் கொடுக்கவில்லை. அது யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியும். ஓட்டுச் சாவடியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "தையல்காரரா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு நாக்குத் தடுமாறக்கூட இல்லை. ஓட்டைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். காரில் ஏற்றி வந்தவர்களுக்கு நன்றி காட்ட வேண்டாமா என்பதுதான் அப்போது என் நினைப்பு.

வெளியே மரத்தடியில் எங்களுக்குப் பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். நான் தின்றுகொண்டிருக்கும்போது அவர் வந்தார். புதுக் கோட்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. வரிசையில் நின்றார். உள்ளே போனார். போன வேகத்தில் ஒரு பொலிஸ்காரர் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார். பின்னாலேயே, சாவடிப் பெரிய ஐயாவின் இங்கிலீசை மொழிபெயர்க்கிறவர் வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க காலையிலயே போட்டுட்டீங்க. ரெண்டாந்தரம் போட வந்தா பொலிஸ் பிடிச்சு மறியல்ல அடைச்சிரும்னு ஐயா சொல்றாரு."

"நான் இப்பத்தாங்க வாறேன்."

"அப்ப உங்க பேருல வேற யாரு போட்டது? அந்தப் பேருல இன்னொரு ஆள் இருக்கா?"

அவர் மரத்தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாயில் பணிஸ். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருக்காரு" என்றார். "ஆனா அவரு அப்படிச் செய்யிற ஆளில்லங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கோட்டு ஒண்ணு, ஓட்டு ரெண்டா?" என்று ஒருவன் கத்தினான். அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே பாலத்துப் பக்கம் நடந்து போனார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பிளேன்டீயைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் அவர் என் மாட்டுக் கொட்டிலுக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும். வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து, "பேருக்காரரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பச்சையா, சிவப்பா?" என்றார்.

"பச்சை" என்றேன்.

அவர் நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது. "அப்பச் சரி. யாரு கையால விழுந்தா என்ன, என் ஓட்டு விழுந்துருச்சு." எழுந்து போகும்போது திரும்பி, "இனிமே செய்யாதீங்க. நீங்க மறியலுக்குப் போனா இந்த மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்றார்.

பச்சை தோற்றது. "தோத்தா என்ன, என்னோட ஒண்ணு அதுல இருக்கு" என்று அவர் பல வருடம் சொன்னார். என் எதிரிலும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் எல்லோரும் அறிந்தது. ஊர் அவருக்கு 'ரெட்டை ஓட்டுச் சவரி' என்று பெயர் வைத்தது. அதற்கு முன் எங்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல ஊர் திண்டாடும். அதன் பிறகு சுலபமாகிவிட்டது. "எந்தச் சவரி, ரெட்டை ஓட்டா?" என்றால் போதும். தேநீர்க் கடையில் ஒருநாள் நானும் அந்தப் பெயரைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். என் பின்னால் அவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. கோபப்படாமல், "ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா, ஒருத்தராவது ஒழுங்கா இருக்கணும் பேருக்காரரே. அது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள். கேள்வி யாருக்கு என்று எனக்கு மட்டும்தான் விளங்கியது.

கோயில் திருவிழாக் கொடியை வருடா வருடம் அவர்தான் தைப்பார், கூலி வாங்காமல். அந்த வருடம் கூட்டத்தில் ஒருவர், "ரெண்டு ஓட்டுப் போட்ட கையால கொடி தைக்கிறதா?" என்று கேட்டார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கொடியைக் கண்டியில் வேறொருவரிடம் தைக்கக் கொடுத்தார்கள். தைத்த கொடியை ஏற்றி வந்தது என் வண்டிதான். அவருடைய கடையைத் தாண்டித்தான் கோயிலுக்கு வர வேண்டும். மெஷின் சத்தம் நின்றது. நான் மாட்டை அதட்டி வேகமாக ஓட்டினேன். அதற்குப் பிறகும் கொடி அவரிடம் திரும்பிப் போகவேயில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் அவர் ஒரு காகிதத்தோடு வந்து, "பெருவிரலை வையுங்க" என்றார். என் பெயரையும் பட்டியலில் ஏற்றப் போகிறாராம். எனக்காகத் தோட்டத்துக்குப் போய்ச் சாட்சி வாங்கியிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

"உங்களுக்கில்ல, எனக்குத்தான். உங்களுக்கும் ஒண்ணு இருந்தாத்தான் என்னோடது தப்பும்" என்றார், சிரிக்காமல்.

தேர்தலன்று என் வண்டியிலேயே இருவரும் போனோம். சாவடி வாசலில் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "இந்தத் தரம் நான் முன்னுக்குப் போறேன்" என்றார். அப்போதுதான் சிரித்தார். என் முறை வந்தபோது மேசையிலிருந்தவர், "எந்தச் சவரிமுத்து?" என்று கேட்டுப் பட்டியலைப் பார்த்தார். இரண்டு வரிகள். எது நான் என்று எனக்குத் தெரியவில்லை. மருமகள் பிலோமினாவிடம் பலகையும் குச்சியுமாக உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். அறுபது தாண்டியவன் 'அ' எழுதியதும் குதித்ததை அவள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். முதல் எழுத்து அவருடையதும்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சிவப்பு என்ற உண்மையை அவரிடம் சொல்லிவிட எத்தனையோ தரம் கடை வாசல்வரை போனேன். பொத்தான் தைக்க வந்தேன் என்று சொல்லித் திரும்புவேன். என் சட்டைகளில் ஒரு பொத்தானும் குறையாமல் இருப்பது அதனால்தான்.

அடக்கத்துக்குப் பிறகு ஏழாம் நாள் அவர் மனைவி திரேசம்மாளிடம் போய், போட்டது நான், பெட்டி சிவப்பு என்று இரண்டையும் சொன்னேன். தையற்காரர் வெட்டி வைத்துத் தைக்காமல் போன துணிகளை அந்த அம்மா யார் யாருடையது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். "அந்தக் காரில நீங்க ஏறுனத நான் பாத்தேன். ஊருக்குச் சொல்றேன்னு கிளம்புனப்ப அவருதான் கையப் பிடிச்சாரு. அந்த மனுசனுக்குப் பிள்ளை குட்டி இருக்கு, எனக்கு ஒரு பட்டப்பேருதானேன்னு."

"பெட்டி சிவப்புங்க" என்றேன் மறுபடியும்.

கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "சாகுறதுக்கு முந்தின கெழமகூடச் சொன்னாரு, என் ஓட்டு அதுல இருக்கு திரேசுன்னு." பிறகு துணியை மடித்தார்கள். "இத மன்னிக்கிறதுக்கு நான் யாரு? அவருகிட்டச் சொல்லியிருக்கணும். அந்தக் காலம் போயிருச்சு. அவரு பேரை ஊருல வச்சுத்தான எடுத்தீங்க? ஊருல வச்சே திருப்பிக் குடுங்க. எங்கிட்ட வந்து அழாதீங்க."

அதனால் எழுதினேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு இதைக் கோயிலில் வாசிக்கப் பங்குச் சுவாமி சம்மதித்திருக்கிறார். வேறொருவரை வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே வாசிப்பேன் என்றேன். நேரமாகும். உட்கார்ந்து கேளுங்கள்.

தையற்காரர் அந்தோனி சவரிமுத்து தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டார். இரண்டு முறை போட்டவன் நான். அதில் ஒன்று அவருடையது, அதையும் அவருக்கு வேண்டாத பெட்டியில் போட்டேன். நீங்கள் வைத்த பட்டம் சரியானது, ஆள்தான் தவறு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன். பாலத்திலோ சந்தையிலோ என் வண்டியைக் கண்டால், "ரெட்டை ஓட்டுச் சவரி!" என்று நன்றாகச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். மாட்டை நிறுத்தி, "நான்தாங்க" என்று சொல்வேன்.