துண்டுக்கு வெளியே ஒரு விலை

எங்கள் மாங்காய் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவர் அதற்குள் கையை விட்டுத் தரகரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று யோசிப்பதுபோல இருக்கும். பேசி முடித்த விலை அந்த இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு ஒரே ஒரு சிக்கல்தான். நான் பெண். நடு மண்டியில், நாலு பேர் பார்க்க, ஒரு பெண்ணின் கையைத் துண்டுக்குள் விட எந்தத் தரகருக்கும் தைரியம் இல்லை.

மண்டிக்கு வருவதற்கு முன்பு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்தேன். லாரியில் வந்து இறங்கும் காயைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிஞ்சும் வெம்பலுமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் பொறுக்காமல், "இதைவிட நல்ல காய் நானே வாங்கிப் போடுவேன் சார்" என்று பர்ச்சேஸ் மேனேஜரிடம் வாயை விட்டேன். மனுஷன் சிரிக்காமல், "போடுங்களேன்" என்றார். சனிக்கிழமைக்குள் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் ஒரு லோடு வந்துவிட்டால் நான் சப்ளையர். வராவிட்டால் வேலையும் போச்சு, வியாபாரமும் போச்சு. ஏனென்றால் வீராப்பாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மண்டிக்கே போனேன்.

மண்டித் தரகர் கணக்கைத் தெலுங்கில் போடுவார், கோபத்தைக் கன்னடத்தில் காட்டுவார், குழைவதற்கு மட்டும் தமிழ் வைத்திருப்பார். என்னிடம் நன்றாகவே குழைந்தார். "ஏம்மா, கோச்சிக்காத. வூட்டு ஆம்பளைய அனுப்பு. உங்கிட்ட எப்பிடி நான் துண்டு போடறது?"

வீட்டு ஆம்பளைக்கு ஓசூரில் லேத் வேலை. இரும்பில் ஒரு நூல் அளவு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். மாங்காயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊறுகாய் மட்டும். ஷிப்டுக்கு லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு போனேன். காதில் விலையைச் சொல்லி அனுப்பினேன். துண்டுக்குள் கை போனது. திடீரென்று தரகர் நெளிந்தார், துள்ளினார், கையை உருவிக்கொண்டு, "அய்யோ, கூசுதுப்பா!" என்று கத்தினார். மண்டியே சிரித்தது. அந்த லோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"என்னதான் பண்ணீங்க உள்ள?" என்றேன்.

"நீ பதினேழரைன்னு சொன்ன. அந்த அரை ரூபாய்க்கு விரல்ல சரியா பாதி எங்க இருக்குன்னு தடவிப் பாத்தேன்."

கோபப்படப் போனவள் சிரித்துவிட்டேன். பாவம், அவர் அளவு பார்த்தே பழகியவர்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா டிராக்டரில் காய் கொண்டுவந்திருந்தார். ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே நல்ல மஞ்சள் ஏறியிருந்தது. கூழுக்கென்றே காய்த்த காய். ஆனால் அதற்குள் ஒரு பெரிய வியாபாரியின் கை துண்டுக்குள் போய்விட்டது. காய்க்குச் சொந்தக்காரியோ டிராக்டர் சக்கரத்தருகே நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அங்கே இடமில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது.

"இந்த டிராக்டர் காய், கிலோ பதினெட்டு ரூபா!" என்று கத்தினேன்.

மண்டி அப்படியே நின்றது. தரகருக்கு முகம் சிவந்துவிட்டது. "யம்மா, இது என்னா மீன் மார்க்கெட்டா?"

"மீன் விக்கறவங்க நாணயமா வாயால சொல்றாங்க இல்ல? நானும் சொல்றேன். பதினெட்டு. மேல குடுக்கறவங்க இருந்தா சொல்லட்டும்."

மேலே கொடுக்கக்கூடிய அந்தப் பெரிய வியாபாரி பக்கத்திலேயே நின்றார். பத்தொன்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. என் கையில் அதற்குமேல் இல்லை. ஆனால் காலையிலிருந்து அவரிடம் துண்டுக்குள் காய் விற்றவர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். வாயைத் திறந்து விலை சொன்னால், தனக்கு மட்டும் ஏன் அவ்வளவு குறைவு என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அவர் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நடந்தார்.

பதினெட்டுக்குக் காய் எனக்கே முடிந்தது. உடனே லாரிக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

காய் மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தோப்பு என் பேர்லதான் கண்ணு இருக்குது. வருசா வருசம் நான்தான் காய் ஏத்திக்கினு வர்றேன். நல்ல வெலைதான் போயிருக்குதும்பாங்க, குடுத்தத வாங்கிக்கினு போவேன். என் காய்க்கு ஒருத்தர் வெல சொல்லி இன்னிக்கித்தான் என் காதால கேட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு வாட்டி சொல்லேன்."

மறுபடியும் மண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.