கசகசா சாப்பிட்ட பெர்னடீன்

வாய் கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர பெர்னடீன் ஹுதாக்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அமெரிக்காவில், மோனங்காகிலா ஆற்றங்கரையில் இரும்பாலை மூடிப்போன ஊர் இது. இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் சிமெண்டுத் தரையில் நின்று நின்றே அவளுக்கு அறுபது வயதாகிவிட்டது. பால் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு தேய்ந்து, இடது கால் முழுக்க ஓயாத குடைச்சல். இன்னும் இரண்டு வருஷம் நின்றுவிட்டால் முழு ஓய்வூதியம். நிற்பதுதான் முடியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில், முன்பு டயர் கடை இருந்த இடத்தில், வலிக்கென்றே ஒரு கிளினிக் வந்திருந்தது. அங்கே போனாள். பழைய கார் வாங்கப் போகும்போது டயரை உதைத்துப் பார்த்து, அடியில் படுத்துத் துரு தேடி, விற்கிறவனின் வம்சத்தையே விசாரித்துவிட்டு வருகிறவள்தான் பெர்னடீன். அன்றைக்கு அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பேனாவை நீட்டினார்கள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வலியோடு வருகிறவள் கேள்வி கேட்க மாட்டாள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

டாக்டர் லாட்டிமர் கை கழுவுகிற நேரம்கூட அவளைப் பார்க்கவில்லை. மாத்திரை எழுதித் தந்தார். நிஜத்தைச் சொல்ல வேண்டும், மாத்திரைக்கு வலி கேட்டது. பெர்னடீன் மறுபடியும் நின்று சமைத்தாள். மாதாமாதம் ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார்கள். எதற்கு என்று நர்ஸ் கெல்சியிடம் ஒருமுறை கேட்டாள். "வழக்கமா எடுக்கிறதுதான்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் விளக்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அக்கா ஐரீன் வீட்டில் விருந்து. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த பாட்டன் காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் இது மாறியதே இல்லை. மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல், நெற்றியில் தேனால் சிலுவை, கறியில்லாத சாப்பாடு. கடைசியில் பொபால்கி: சின்னச் சின்ன ரொட்டி உருண்டைகளைப் பாலில் ஊறவைத்து, அரைத்த கசகசாவும் தேனும் கலந்து, கறுகறுவென்று ஒரு பெரிய சட்டி நிறைய.

"என்னடி, கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டிருக்க?" என்றாள் ஐரீன். "இன்னும் ரெண்டு கரண்டி போடவா?"

"போடுக்கா. இடுப்புதான் போச்சு, வயிறு நல்லாத்தான் இருக்கு."

அந்த இரவில் பொபால்கி வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் பெர்னடீன் கிளினிக்குக்குப் போய் வழக்கம்போல டப்பாவை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் கெல்சி ஃபோன் செய்தாள். "உங்க சிறுநீர்ல மார்ஃபின் இருக்கு, மிஸஸ் ஹுதாக். நாங்க குடுக்கிற மாத்திரையில அது கிடையாது. இனிமே டாக்டர் உங்களைப் பார்க்க மாட்டார்."

"மார்ஃபினா? ஏம்மா, ஆஸ்பிரின் போடவே நான் நாலு தடவை யோசிப்பேன்!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

இந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் வலி மாத்திரையின் போதைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். கிளினிக்குகள் பயப்படட்டும், சோதிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் சந்தேகம் வந்தால் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வாய் இல்லையா? தினமும் போட்டு உடம்பு பழகிப்போன மாத்திரையை ஒரு ஃபோனில் நிறுத்தினார்கள். வேர்த்துக் கொட்டி, வயிறு புரட்டி, அவள் பட்ட பாடு நாய்கூடப் படாது. வேறு இரண்டு கிளினிக்குகள், கணினியில் அவள் பேருக்கு எதிரே லாட்டிமர் எழுதிவைத்ததைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டன. பள்ளிக்கூடத்திலோ, அடுத்த மாதமும் நிற்க முடியாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார்கள்.

மருந்துக்கடை ஜெரோமிடம் அழாத குறையாகச் சொன்னாள். அவனும் எங்கள் மாதாகோவில்காரன்தான்.

"பண்டிகைக்கு அக்கா வீட்டுல பொபால்கி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடாம?"

"மார்ஃபினை எடுக்கிற அபின் எந்தச் செடியில வருதோ, கசகசாவும் அதுலதான் வருது. நிறையச் சாப்பிட்டா சோதனையில காட்டும்."

பெர்னடீன் கடையிலிருந்து நேரே ஐரீன் வீட்டுக்குத்தான் போனாள்.

மறுநாள் ஐரீனை உட்காரவைத்துப் பொபால்கி செய்யச் சொல்லி, சட்டியோடு கிளினிக்குக்குப் போனாள். அறை நிறைய நோயாளிகள். சட்டியை மேஜைமேல் வைத்து, ஒரு கரண்டி எடுத்துக் கெல்சியிடம் நீட்டினாள்.

"கசகசாதான். சாப்பிடு. சாப்பிட்டுட்டு நாளைக்கு உங்க டப்பாவிலேயே பிடிச்சுக் குடு. என்ன வருதுன்னு பார்ப்போம்."

கெல்சி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, வேணாங்க! எங்களுக்கும் திடீர் திடீர்னு சோதனை வைப்பாங்க. கசகசாவைத் தொடவே கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"உனக்குச் சொன்னாங்க," என்றாள் பெர்னடீன். "எனக்கு ஏன் சொல்லலை?"

மூலையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "எனக்கும்தான் சொல்லலை" என்றார். சத்தம் கேட்டு லாட்டிமர் வெளியே வந்தார்.

"உள்ள வாங்க, நிதானமாப் பேசலாம்."

"உள்ள எதுக்கு? ஊர்ல இருக்கிற டாக்டருங்க எல்லாம் படிக்கிற மாதிரிதானே எழுதினீங்க? அந்தக் கையாலயே இப்ப மாத்தி எழுதுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

லாட்டிமர் கணினி முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டினால் வந்திருக்கலாம் என்று எழுதினார். மறுபடியும் சிகிச்சைக்கு வரலாம் என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. உங்கள் மாத்திரையும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பக்கத்து ஊரில் ஒரு கிளினிக் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. அன்றைக்கும் காலில் அதே குடைச்சல். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பேனாவை நீட்டினாள். பெர்னடீன் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"இரும்மா. என்ன சோதனை எடுப்பீங்க? நான் எதைச் சாப்பிடக் கூடாது? தப்பா வந்தா முதல்ல என்னைக் கூப்பிட்டுக் கேப்பீங்களா, இல்ல நேரா வெளியே தள்ளுவீங்களா? மாத்திரையை நிறுத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பீங்களா? மாத்திரையை விட்டா உங்ககிட்ட வேற வைத்தியமே கிடையாதா?"

அந்தப் பெண் திகைத்துப்போய், "இதையெல்லாம் இங்க யாரும் கேட்டதே இல்லைங்க" என்றாள்.

"வலியில இருக்கிறவங்களால கேக்க முடியாதும்மா," என்றாள் பெர்னடீன். "நீங்கதான் சொல்லணும்."