பண்ணாடியைக் காணோம்

டெக்சஸ் மாநிலத்து ஆலனில் மயில்சாமியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தால், அது போன வாரம்தான் விமானத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கோயில் பார்க்கிங்கில் பார்த்தாலும் சரி, கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டினாலும் சரி, ரெண்டாவது வாக்கியத்திலேயே அழைப்பு வந்துவிடும்.

"சனிக்கிழமை சும்மாதானுங்க இருப்பீங்க? நம்ம லேண்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒண்ணேகால் மணி நேரம் டிரைவ், அவ்வளவுதான்."

அந்த லேண்டு அறுபத்து நாலு ஏக்கர். ஓக் மரங்கள், நடுவில் ஓர் ஓடை, கொஞ்சம் புல்வெளி. மயில்சாமி தாராபுரம் பக்கத்துப் பிள்ளை. இருபத்து மூன்று வருஷம் டெக்சஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடித்து, இது யார் பண்ணின தப்பு என்று பெயரோடு பதிந்து வைப்பதுதான் பிழைப்பு. மனிதருக்கு அந்த வேலை ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் பால் பொங்கினால்கூட யார் அடுப்புப் பக்கம் கடைசியாகப் போனார்கள் என்று விசாரணை வைப்பார். "நீங்கதான்" என்பாள் மனைவி மரகதம். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும்.

லேண்டு வாங்கியபோதே பக்கத்து நிலக்காரர்கள் நாலு பேர் வந்து அவரையும் தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்தின் சட்டம் ஒன்றுதான்: ஐந்து வயசு ஆகாத ஆண் மானை யாரும் சுடக்கூடாது. வளரட்டும், கொம்பு முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். மயில்சாமியும் லைசென்ஸ் எடுத்தார், துப்பாக்கி வாங்கினார், மரத்துக்கு மரம் கேமரா கட்டினார். துப்பாக்கி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்பது வேறு விஷயம்.

இடது காது கிழிந்த ஒரு கொம்பன் மான் மூன்று வருஷமாக அந்தக் கேமராக்களில் வந்துகொண்டிருந்தது. ஓடைக் கரையில் தலையைத் தூக்கி அது நடந்து வரும் தோரணையைப் பார்த்து, ஊரில் தோட்டத்து முதலாளியைக் கூப்பிடுவது போல 'பண்ணாடி' என்று பெயர் வைத்தார். இந்த வருஷம் அதற்கு ஐந்து வயசு முடிந்தது. "இந்த சீசன்ல பாரு" என்று மரகதத்திடம் சொன்னார்.

"பேர் வச்சு, வயசு எண்ணி, ஃபோன்ல வால்பேப்பரா போட்டுக்கிட்டதை நீங்க சுடுவீங்களாக்கும்" என்றாள் அவள்.

அக்டோபர் நடுவில் பண்ணாடியைக் காணோம். ஒரு வாரம் இல்லை, ரெண்டு வாரம் இல்லை. சின்னக் கொம்பன்கள் பாட்டுக்கு வந்து கேமராவை முகர்ந்துவிட்டுப் போயின. பண்ணாடி மட்டும் இல்லை.

மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. முற்றின ஆண் மான் எப்படியெல்லாம் சாகும் என்று தேடித் தேடிப் படித்தார். ரோட்டில் கார் அடிக்கும். பெண் மான் பின்னால் ஒரு மாதம் தின்னாமல் அலைந்து எலும்பும் தோலுமாகி விழும். இன்னொரு கொம்பனோடு மோதி, குத்துப்பட்ட இடம் சீழ் வைக்கும். கொசு மாதிரி ஒரு பூச்சி கடித்து ஜுரம் கண்டு தண்ணீர் ஓரமாய்ப் போய்க் கிடக்கும். லீவு போட்டுவிட்டு ஓடை நெடுக நடந்தார், புதர் புதராகக் குச்சியால் விலக்கினார், கழுகு வட்டமடித்தால் அந்தத் திசையில் ஓடினார். ஒரு எலும்புகூட அகப்படவில்லை.

அப்போதுதான் பக்கத்து நிலத்து டேல் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ரிட்டயரான ஸ்கூல் பஸ் டிரைவர், எழுபது தாண்டியவர். மான் கறி சாசேஜ், வீட்டிலேயே செய்தது, சாப்பிட்டுப் பார் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மயில்சாமி அந்தப் பொட்டலத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, 'எவிடென்ஸ்' என்றும் எழுதி, ஃப்ரீசரில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்தார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சா?" என்றாள் மரகதம். "அந்த மனுசன் நமக்கு இரும்பு கேட்டு வெல்ட் பண்ணிக் குடுத்தவரு."

"கேட்டு வெல்ட் பண்ணினவன் மானைச் சுடமாட்டானா அம்மிணி? அவனோட லேண்டைப் பாரு. முள்ளு, கொடி, விழுந்த மரம், ஒண்ணையும் வெட்டறதில்லை. நிலத்தை அப்படிப் போட்டு வச்சிருக்கறவன் எதையும் செய்வான்."

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நவம்பர் கடைசி ஞாயிறு, டேலின் கொட்டகையிலேயே. மயில்சாமி ஒரு பிரசன்டேஷன் தயார் செய்தார். கடைசி ஸ்லைடில் டேலின் படம், பெயர், கொட்டை எழுத்தில் ஒரு கேள்விக்குறி. அதைக் காட்டிவிட்டால் பதினொரு வருஷத்து அண்டை வீட்டு உறவு அன்றோடு முடிந்தது, ஐந்து பேர் சங்கமும் முடிந்தது. மரகதம் வழி முழுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பிடிவாதமாக ஃப்ரீவேயையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கொட்டகையில் எல்லாரும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். மயில்சாமி லேப்டாப்பை டேலின் பழைய டிவியில் மாட்டினார். பண்ணாடியின் முதல் படம், ரெண்டாவது வருஷப் படம், கொம்பு விரிந்த படம், கடைசியாக வந்த தேதி. கேமராவுக்குக் கேமரா கணக்கு. இன்னும் ஒரே ஒரு ஸ்லைடு.

டேல் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, அந்தத் தேதிக்கு அடுத்த நாள் உன் கேமராவில் என்ன வந்தது என்று கேட்டார்.

"அது மான் இல்லை, மனுசங்க. அதெல்லாம் தனி ஃபோல்டர்" என்றார் மயில்சாமி.

"தொறந்து காட்டுங்களேன்" என்றாள் மரகதம் தமிழில்.

திறந்தார். டிவி நிறைய ஆயுத பூஜை. டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தட்டு நிறைய சாம்பிராணிப் புகை, அதில் ஆலன் முழுக்க இருமிக்கொண்டு நிற்கிறது. நாற்பத்து ரெண்டு பேர். ஆலன் நண்பன் சபரி பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அதற்கு முந்தின சனிக்கிழமைப் படங்களில் மயில்சாமியே டிராக்டரில் புஷ்ஹாக் என்ற புதர்வெட்டியை மாட்டி ஓட்டி ஓடைக்கரைப் புதரை அடியோடு வெட்டிக்கொண்டிருக்கிறார். விருந்தாளிகள் உட்கார இடம் வேண்டுமே! முள் மண்டிய நிலத்தை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தாராபுரத்தில் அப்படி நிலம் வைத்திருப்பவனுக்குப் பெண் தரமாட்டார்கள்.

கொட்டகையில் யாரோ மெதுவாக விசிலடித்தார்கள். நீ வெட்டினது அவனுடைய படுக்கையறை என்றார் டேல். பகல் முழுக்க அவன் படுத்துக்கிடந்தது அந்தப் புதரில்தான். சின்னக் கொம்பன்களுக்குப் புத்தி கிடையாது, கூட்டத்தைப் பார்த்தாலும் நிற்கும், அதனாலேயே பாதி சாகும். ஐந்து வயசு வரை பிழைத்தவன் பிழைத்ததே மனுஷ வாடை பட்டதும் இடத்தைக் காலி செய்ததால்தான். அதற்கப்புறம் நீ அவனைத் தேடுகிறேன் என்று தினம் நடந்தாயே, அது போதாதா?

சொல்லிவிட்டுத் தன் ஃபோனை எடுத்து நீட்டினார். அவருடைய முள்ளுக்காட்டுக் கேமரா. கிழிந்த இடது காது, விரிந்த கொம்பு, நன்றாகத் தின்று கொழுத்து நிற்கிறது பண்ணாடி. மூன்று நாளுக்கு முந்தின படம். இவன்தானே உன் ஆள்?

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா வெட்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மரகதம் எழுந்து போய், கடைசி ஸ்லைடு வருவதற்குள் லேப்டாப்பை டப்பென்று மூடினாள்.

புதரைத் திரும்ப வளரவிடுவது சுலபம். எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். கஷ்டமான வேலை வேறு. மறு வாரமே சபரி ஃபோன் செய்தான். "அண்ணா, பார்சிப்பனில இருந்து என் மாமனார் ஃபேமிலி வந்திருக்காங்க. மொத்தம் பதினாறு பேர். சனிக்கிழமை லேண்டுக்கு வந்துடறோம், ஓகேவா?"

வீடு தேடி வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று மயில்சாமி பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அவர் அப்பா சொன்னதில்லை. மரகதம் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சபரி... லேண்டுக்கு வராதீங்க" என்றார். "அங்க ஒருத்தர் தங்கியிருந்தாரு, நம்மளால கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. திரும்பி வர்ற வரைக்கும் நானே போறதில்லை. எல்லாரும் வீட்டுக்கு வாங்க, மரகதம் பிரியாணி செய்வா."

"பதினாறு பேருக்கு" என்றாள் மரகதம், கத்தியைத் தூக்கிக் காட்டி.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், வேட்டை சீசன் முடிந்த மறு வாரம், மயில்சாமியின் ஃபோன் மணியடித்தது. ஓடைக்கரைக் கேமரா. நல்ல வெளிச்சம், நாலரை மணி. ஆயுத பூஜைக்குப் போட்டு எடுக்க மறந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் பண்ணாடி நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கக் கொம்பு உதிர்ந்திருந்தது. தோரணை மட்டும் குறையவில்லை.

மயில்சாமி கார் சாவியை எடுத்துவிட்டார். கதவு வரை போனார். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார். நேராக ஃப்ரீசரைத் திறந்து, இட்லி மாவுக்குப் பின்னால் கைவிட்டு, எவிடென்ஸை வெளியே எடுத்தார். மரகதம் அதை வட்டம் வட்டமாக நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டினாள். மனுஷர் ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் டேலுக்கு ஃபோன் போட்டார். சாசேஜ் பிரமாதம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் உங்கள் மேல் சந்தேகப்பட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

அந்தப் பக்கம் டேல் நிதானமாகச் சிரித்தார். தெரியும் என்றார். அன்றைக்கு டிவியில் நீ ஸ்லைடு ஓட்டும்போது, இடது ஓரத்தில் எல்லா ஸ்லைடும் சின்னச் சின்னதாக வரிசையாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில் என் படம். அந்தத் தொப்பியில் நான் நன்றாகவே இல்லை, வேறு படம் போட்டிருக்கலாம்.

இருபத்து மூன்று வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர், தன் ஸ்கிரீனின் ஓரத்தைப் பார்க்க மறந்திருந்தார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால், மரகதம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டேல் தொடர்ந்தார். சாயங்காலம் அவன் உன் பக்கம் இறங்கிப் போவது என் வராந்தாவிலிருந்து நன்றாகத் தெரிகிறது. வந்து காப்பி குடித்துவிட்டுப் பார்த்துப் போ. ஒரே ஒரு விஷயம், தனியாக வா.

"மரகதம்?" என்றார் மயில்சாமி, அவசரமாக.

சரி, மரகதத்தையும் கூட்டிக்கொண்டு வா, ஆனால் சாம்பிராணியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல் என்றார் டேல்.