விரிப்பின் மறுமுனை

படுக்கை விரிப்பின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள் இஸ்திரி அக்கா. லாட்ஜுகளிலிருந்து வரும் பெரிய விரிப்புகளை வீட்டிலேயே தேய்த்துக் கொடுப்பவள். மடிப்பது இரண்டு ஆள் வேலை. மறுமுனை எப்போதும் மகனுடையது. மனச்சிதைவு நோய் வந்து, மாத்திரை மந்தத்தில் மற்ற வேலைகளையெல்லாம் விட்டபோதும் இதை மட்டும் அவன் விடவில்லை.

இப்போது அவனுக்குக் காய்ச்சலும் இருமலும். வீட்டிலோ ஐந்து மாத வயிற்றோடு மகள் வந்திருக்கிறாள்.

“ஏம்மா, ஜன்னல் கம்பி அண்ணனைவிட ஒழுங்கா பிடிக்குதா?” என்று சிரித்தாள் மகள்.

“எதிர்த்துப் பேசாம பிடிக்குதுடி. உன்னை மாதிரியா? நீ அவன் ரூம் பக்கம் போகாதே.”

போன மாதம் மகனை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு மனநல டாக்டர் இவளிடம் விசாரித்தார். இவனைச் சுமந்தபோது காய்ச்சல் வந்ததா? சாப்பாடு சரியாக இருந்ததா? பிரசவம் சிக்கலா? ஐந்தாம் மாதத்தில், அப்போது வேலை பார்த்த லாண்டரியில் எல்லோருக்கும் பரவிய காய்ச்சல் அவளையும் படுக்கப் போட்டது. பிள்ளை பிறந்ததும் அழவில்லை; நீலம் பாரித்திருந்தான். சொன்னாள்.

“அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. காய்ச்சல் வந்தவங்க பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. பிள்ளைக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

அவள் காதில் தங்கியது ‘கூடும்’ ஒன்றுதான். வீட்டில் வாய் திறக்கவில்லை. காய்ச்சல் கண்ட மகனுக்குத் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் பிரித்து வைத்தாள். அவன் சட்டைகளைத் தனியாகக் கொதிக்க வைத்தாள்.

மகன் அறை வாசலில் வந்து நின்றான். “நான் பிடிக்கவா?”

“வேணாம்பா. போய்ப் படு.”

கம்பியிலிருந்த முடிச்சைப் பார்த்தான். “என் சீக்கு பாப்பாவுக்கு ஒட்டிக்கும்னு பயப்படுறியாம்மா?”

“ஐயோ, சளிக்குத்தாண்ணா” என்றாள் மகள் அவசரமாக.

“சளி ஒரு வாரத்துல போயிடும். அதுக்கா இவ்வளவு பயம்? அம்மா சொல்லட்டும்.”

ஏன் இவ்வளவு பயம் என்பதை, வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கும் மகளின் முன்னால் சொல்ல முடியாது. இவன் முன்னால் எப்படிச் சொல்வது? மடித்த மடிப்பையே மறுபடி நீவினாள்.

அவன் முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினான்.

“தொடாதே!”

வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் கையை இழுத்துக்கொண்டான். இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே போனான்.