வேண்டாம் என்று சொன்ன ஹோட்டல்

என் தம்பி ஹோட்டலுக்குள் முன்வாசல் வழியாகப் போய் நான் பார்த்தது ஒரே ஒரு பயணத்தில்தான். அவன் குளிர்சாதன மெக்கானிக். பெரிய ஹோட்டல்களில் சமையலறைக்குப் பின்னால், இறைச்சி, பால், காய்கறி எல்லாம் வைக்க ஓர் அறை இருக்கும். ஆள் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரிசு. அது குளிராமல் நின்றுபோனால் இவனைக் கூப்பிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் சட்டைக்குள் ஸ்வெட்டர் போட்டிருப்பான். வருஷம் பூராவும் மூக்கு ஒழுகும். வீட்டில் அவனுக்கு ஐஸ் என்று பெயர் வைத்தது நான்தான். குணமும் அதே. தலைபோகிற காரியமாக இருந்தாலும் "பாத்துக்கலாம்க்கா" என்பான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறோமே என்று அவளுக்கு எரிச்சல். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் சொறி, அரிப்பு, அந்தக் கதை இல்லை. துளி பட்டாலும் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். சின்னக் குழந்தையாக இருந்தபோது தம்பி ஆசை ஆசையாய் வாங்கிவந்த கடலை மிட்டாயை அவன் மடியிலேயே உட்கார்ந்து தின்றாள். கண்மூடித் திறப்பதற்குள் உதடு வீங்கி, முகம் கறுத்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் அவன்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கு என்ன தெரியும் அப்போது? ஆனால் அதற்கப்புறம் தின்கிற பொருள் எதையும் அவன் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பேனா வாங்கிவருவான், பந்து வாங்கிவருவான், குடை வாங்கிவருவான். எங்கள் வீட்டில் குடைக்குப் பஞ்சமே கிடையாது.

அன்றிலிருந்து என் அடுப்பில் வெந்ததைத் தவிர வேறு எதுவும் பாப்பா வாயில் பட்டதில்லை. பள்ளிக்கூடம், சொந்தக்காரர் வீடு, ரயில், எங்கே போனாலும் டப்பாதான். என் கைப்பையில் டப்பா ஒரு பக்கம், அவசரத்துக்குப் போடுகிற ஊசி ஒரு பக்கம். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஹோட்டலுக்குப் போனால் இவளும் போவாள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மாமா ஊருக்குப் போலாம்மா. எவ்ளோ பெரிய ஊரு அது! ஒரே ஒரு தடவை ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடணும். செத்தா போயிடுவேன்?"

"வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு!" என்று கத்தினேன். பயத்தில் கத்தினேன், வேறென்ன? செத்துப்போய்விடுவாளோ என்பதுதானே என் கேள்வியும்.

டாக்டர் என்னவோ, ஊசி கையோடு இருக்கட்டும், சமைக்கிற ஆளை நம்ப முடிந்தால் சாப்பிடலாம் என்றார். நம்புவதாம்! தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் வாங்க. நான் இடம் பாக்கறேன்" என்றான்.

அம்மாடி, என்ன ஊர் அது! கட்டடங்களை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சாப்பாட்டுக் கடைக்கென்றே ஒரு தெரு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாடியும் விளக்கும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். பாப்பா வாசல் வாசலாக நின்று விலைப்பட்டியலை வரி விடாமல் படித்தாள்.

தம்பி ஒவ்வொரு கடையாக ஏறினான். பின்கட்டு வழியாகவே போய்ப் பழகியவன், கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தடுமாறினான். உள்ளே போய் ஒரே கேள்விதான் கேட்டான்: "எங்க பொண்ணுக்கு வேர்க்கடலை பட்டாலே உயிருக்கு ஆபத்து. சாப்பிடலாமா?"

"நோ ப்ராப்ளம் சார்! கடலை போடாம செஞ்சிடறோம்."

உடனே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவான். அடுத்த கடையிலும் அதே பதில், அதே நன்றி. லிப்டில் காது அடைக்க மேலே போய், ஊரே காலடியில் தெரிகிற ஒரு ஹோட்டலுக்கும் கூட்டிப்போனான். கோட்டு போட்ட மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒண்ணுமே ஆகாதும்மா, தைரியமா உக்காருங்க" என்றார். பாப்பா உட்கார்ந்தும்விட்டாள். மேஜைத் துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி பாப்பா" என்றான் தம்பி.

அவள் எழுந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கீழே வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, கத்தரிக்கா பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணா கழிச்சுக் கட்டறியே! அவ்ளோ பெரிய மனுஷன் தைரியம் சொல்றாரு, உனக்கு மட்டும் என்ன நோவு? குழந்தைய அலைக்கழிக்கவா வரச்சொன்ன?"

"பாத்துக்கலாம்க்கா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். இவனை என்ன செய்ய?

மறுநாள் ஒரு சந்துக்குள் போனோம். சாதாரணக் கடை. மதியக் கூட்டம் கலைந்து, மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைக் கேட்டதும் சமையல் மாஸ்டரே கரண்டியோடு வெளியே வந்தார். ஆள் கதவு அகலத்துக்கு இருந்தார். பாப்பாவைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

"வேண்டாங்க. இங்க வேண்டவே வேண்டாம்" என்றார். "ஒரே கரண்டி பத்துச் சட்டிக்குள்ள போகுது. எந்த எண்ணெயில என்ன பொரிச்சோம்னு எனக்கே தெரியாது. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படிங்க தூங்குவேன்? தயவு செஞ்சு கூட்டிட்டுப் போயிடுங்க." கையை ஆட்டி, கோழியை விரட்டுகிற மாதிரி எங்களைத் தெருவுக்கே விரட்டிவிட்டார்.

பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பினால் என் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்!

"இங்கதான்க்கா" என்றான்.

"மூளை கழண்டு போச்சாடா உனக்கு? வெளியில போன்னு துரத்தறான் அந்த ஆளு!"

"அதனாலதான். மத்தவங்க யாருமே பயப்படலக்கா. ஒண்ணும் ஆகாதுன்னு கேட்ட உடனே சொல்றான்னா, காதுல வாங்கலன்னு அர்த்தம். இவரு பயந்துட்டாரு. பயந்தவருதான் சட்டிய ரெண்டு தடவ கழுவுவாரு."

நான் பாப்பாவின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

இந்தத் தடவை அவன் பின்வாசல் வழியாகப் போனான். உள்ளே மாஸ்டர் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. "போய்யா, என்னைக் கொலைகாரனாக்காத!" அப்புறம் சத்தம் குறைந்தது. என்ன பேசினானோ, எதைச் சொல்லி மனசைக் கரைத்தானோ, இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து, "நாளைக்குக் காலைல, கடை திறக்கறதுக்கு முன்னாடி" என்று மட்டும் சொன்னான்.

விடிவதற்குள் அவன் எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பு, மேடை, சுவர், தரை எல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். என் வீட்டு அடுப்பங்கரை அப்படிப் பளபளத்ததில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மாஸ்டரும் தம்பியும் முழங்கால் வரை நனைந்து நின்றார்கள். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. மாஸ்டர் புது வாணலி, புதுக் கத்தி, புதுக் கரண்டி எல்லாவற்றையும் பாப்பா முன்னால் வைத்து உறை பிரித்தார். எண்ணெய் டின்னை அவள் கையில் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு நீயே படிம்மா. படிச்சிட்டு சரின்னு சொல்லு, அப்பறம்தான் வெட்டுவேன்."

"இதெல்லாம் எனக்காகவா?" என்றாள் பாப்பா.

எனக்கு மலைப்பாக இருந்தது. பெற்றவள் நான், நான் பயப்படலாம். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது? முந்தின நாள்வரை எங்கள் முகம்கூட அவருக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய ஊரில், எங்களைத் துரத்திவிட்ட ஓர் ஆள் விடியற்காலையில் வந்து என் பெண்ணுக்காகச் சுவரைக் கழுவியிருக்கிறார். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும்விட்டேன். அவர் கூச்சப்பட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாப்பா மேஜையில் போய் உட்கார்ந்து, "மெனு கார்டு வேணும்" என்றாள். செய்யப்போவதே மீன் வறுவல், உருளைக்கிழங்கு, சுடச்சுடச் சோறு, இவ்வளவுதான். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் அட்டையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "மீன்" என்றாள். ராணி மாதிரி இருந்தாள் என் பெண்.

தட்டு வந்தது. முதல் வாய் வைத்தாள். நான் என் தட்டைத் தொடவில்லை, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பைக்குள் ஊசியைப் பிடித்திருந்தது. மாஸ்டர் சமையலறைக் கதவருகே நின்றார். இரண்டாம் வாய். மூன்றாம் வாய். அப்புறம் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. உதடு உதடாகவே இருந்தது. தட்டு காலியாகி நெடுநேரம் ஆனபிறகும் அவள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, "அம்மா, இன்னொரு மீன் கேக்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாங்களா?" என்றாள்.

மாஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் தம்பியைக் காணோம் என்று உறைத்தது.

சமையலறையில் இல்லை, பின்வாசலிலும் இல்லை. சின்னக் கடையானாலும் பின்கட்டில் ஒரு குளிர் அறை இருந்தது; மாஸ்டர் அதைக் கைகாட்டினார். கனத்த கதவை இழுத்துத் திறந்தேன். பனிப்புகை முகத்தில் அடித்தது. உள்ளே காய்கறிக் கூடைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான் என் தம்பி. கண்ணை இறுக்க மூடியிருந்தான். ஸ்வெட்டர் போட்டும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எந்தத் தலைபோகிற காரியத்துக்கும் அசையாதவன்.

"டேய்" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "சொல்லுக்கா" என்றான்.

"நல்லா இருக்காடா. ஒண்ணுமே ஆகல. இன்னொரு மீன் கேக்கறா."

எழுந்திருக்கப் பார்த்தான். கை கொடுத்துத் தூக்கினேன். என் தோளில் முகத்தை வைத்து, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். அழுகைக்கு நடுவே என்னவோ சொன்னான், புரியவில்லை.

"என்னடா?"

"முள்ளு இருக்கும்க்கா. பாத்து சாப்பிடச் சொல்லு."